வாழையிலையில் காடோலினியம்

காட்டிலிருந்து வரும் இலைகளை அளந்து சொல்வது என் வேலை. காட்டுக்குப் போவது என் வேலை இல்லை. அட்டைக்கடியும் சேறும் மற்றவர்கள் பாடு, எனக்கு வந்து சேர்வது காகித உறைகள்தான். மேற்கே மலைச்சரிவுகளில் அலைந்து, பெரணிச் செடியையும் அதன் காலடி மண்ணையும் சேகரித்து, ரயிலேறி வந்து, அடையாறில் எங்கள் ஆய்வுக்கூடத்து மேசைமேல் அந்த உறைகளைக் கொட்டுபவள் ஓர் ஆராய்ச்சி மாணவி. நான் கழுவச் சொல்வேன், காயவைக்கச் சொல்வேன், அரைக்கச் சொல்வேன். சரியாகச் செய்யாவிட்டால் கத்துவேன். பிறகு தூளை அமிலத்தில் கரைத்து, கருவிக்குள் விட்டு, எந்தத் தனிமம் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பேன். எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே என்று அங்கே எல்லோருக்கும் தெரியும்.

நாங்கள் தேடுவது அருமண் தனிமங்களை. பெயரைப் பார்த்துவிட்டு ஏதோ கிடைக்காத பண்டம் என்று நினைத்துவிட வேண்டாம். வீட்டு வாசலில் ஒரு பிடி மண்ணை அள்ளினால் அதிலும் இருக்கும். லாந்தனம், சீரியம், நியோடிமியம் என்று தொடங்கி லுட்டீசியம் வரைக்கும் ஒரு பெரிய கூட்டம். கைப்பேசிக்கும் ஒலிபெருக்கிக்கும் வேண்டும் என்பதால் உலகம் இதற்காக அடித்துக்கொள்கிறது. செடிகளுக்கு இதனால் பெரிய பிரயோஜனம் இருப்பதாகத் தெரியவில்லை. ஆனாலும் எடுத்துக்கொள்கின்றன. வேர் தன் சாப்பாட்டைத் தேடி மண்ணில் லேசான அமிலத்தைக் கசியவிடுகிறது. கல்லில் ஒட்டிக்கொண்டிருந்தது கரைந்து வருகிறது. சுண்ணாம்புச் சத்துக்குத் திறந்து வைத்த வாசல் வழியாக இதுவும் உள்ளே நுழைந்துவிடுகிறது. பெரும்பாலான மரங்கள் இதை வேரோடு நிறுத்திவிடும், மேலே விடாது. பெரணி அப்படியில்லை, இலை வரைக்கும் ஏற்றிவிடும். ஒரே மண், ஒரே மழை, பக்கத்தில் நிற்கும் மரத்தின் இலையில் மருந்துக்குக்கூட இருக்காது, பெரணி இலையில் கொட்டிக் கிடக்கும். முதல்முறை அந்த அளவைப் பார்த்தபோது கருவி பழுதாகிவிட்டது என்று நினைத்து அதை நிறுத்தி மறுபடி ஓட்டினேன்.

இந்தத் தனிமங்களுக்கு ஒரு குணம் உண்டு. கல்யாணத்துக்குக் கிளம்பும் கூட்டுக்குடும்பம் மாதிரி, எங்கே போனாலும் சேர்ந்தேதான் போகும். இலையில் ஒன்று கூடியிருந்தால் அதற்கு முன்னாலும் பின்னாலும் நிற்பவையும் கூடியிருக்கும். இலையில் இருப்பதை மண்ணில் இருப்பதால் வகுத்து வரிசையாகக் கோடு போட்டால், கோடு மெல்ல ஏறும் அல்லது மெல்ல இறங்கும். நடுவில் ஒன்று மட்டும் துள்ளி நிற்பது காட்டு மண்ணில் நடக்காது.

கருவி ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க, ஒவ்வொரு முறையும் காட்டு இலைகளோடு ஒரு சாதாரண இலையையும் சேர்த்து ஓட்டுவோம். எந்த விசேஷமும் இல்லாத, எப்போதும் ஒரே பதிலைச் சொல்லும் இலை. அதற்கு நான் கொடுத்தது எங்கள் வீட்டு வாழையிலை. மயிலாப்பூரில் கடற்கரைப் பக்கம் ஒரு சந்துக்குள் இருக்கும் பழைய வீடு எங்களுடையது. பின்பக்கத்தில் ஒரு வாழைக்கூட்டம் நிற்கிறது. ஒரு தடவை இலை அறுத்து, காயவைத்து, அரைத்து பாட்டிலில் போட்டால் வெகுநாள் வரும். வருஷக்கணக்காக அந்த வீட்டு இலை வாயைத் திறந்ததில்லை. போன மழைக்காலம் முடிந்த சமயத்தில் பாட்டில் தீர்ந்துபோனது. காலையில் கிளம்பும்போது ஓர் இலையை நறுக்கி, தினத்தாளில் சுருட்டி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு அடையாற்றுப் பாலத்தைத் தாண்டினேன்.

அந்த வாழை என் அக்காவுடையது. அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பெண்கள் பள்ளியில் உயிரியல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். அந்த வீட்டில் அவளும் நானும் என் கணவரும்தான். எங்கள் பங்குக் கோவிலில் பாடகற்குழுவை நடத்துவது அவள்தான். கீபோர்டு வாசித்துக்கொண்டே, பின்வரிசையில் யாருடைய குரல் சுருதியிலிருந்து விலகுகிறது என்று தலையைத் திருப்பாமல் கண்டுபிடித்துவிடுவாள். பூசை முடிந்ததும் நேராக அந்தப் பெண் முன்னால் போய் நிற்பாள். என்னைச் சின்ன வயதிலேயே அந்தக் குழுவிலிருந்து கழற்றிவிட்டாள். உனக்குப் பாட்டு வராதுடி, ஜெபம் மட்டும் பண்ணு என்று சொன்னாள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் முழுசாகப் போகவில்லை.

வாழையைப் பற்றி இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் இதைச் சொல்லாமல் கதையே இல்லை. எங்கள் வீட்டில் கக்கூஸ் தனி, குளியலறை தனி. உள்ளே எங்கள் அறையோடு ஒட்டிப் பிற்பாடு கட்டிய குளியலறை ஒன்று உண்டு, அதன் தண்ணீர் சாக்கடைக்குப் போகிறது. பின்பக்கத்தில் பழைய குளியலறை. அதன் தண்ணீர் சின்ன வாய்க்கால் வழியாக நேராக வாழைக்குப் போகும். நல்ல தண்ணீரை ஏன் சாக்கடைக்கு அனுப்ப வேண்டும் என்பது அக்காவின் கட்சி. எங்கள் மாதிரிப் பழைய பழக்கம் உள்ளவர்கள் குளிக்க மட்டும் குளியலறைக்குப் போவதில்லை. சிறுநீர் கழிப்பதும் அங்கேதான், ஒரு செம்பு தண்ணீர் ஊற்றிவிட்டு வந்துவிடுவோம். அதுவும் வாழைக்குத்தான் போகிறது. அதனால்தான் அப்படிக் காய்க்கிறது என்று என் கணவர் கிண்டல் செய்வார். அந்தப் பின்பக்கத்துக் குளியலறையைப் பயன்படுத்துவது அக்கா. அப்புறம் கடையிலிருந்து வந்து கைகால் கழுவ என் கணவர்.

புதிய வாழையிலைத் தூளை ஓட்டிய அன்றைக்குத் திரையில் கோட்டைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. லாந்தனம் ஒழுங்கு, சீரியம் ஒழுங்கு, சமேரியம் ஒழுங்கு. அதற்கப்புறம் காடோலினியத்தில் கோடு விர்ரென்று மேலே ஏறி, அடுத்ததில் தடாலென்று கீழே விழுந்திருந்தது. இந்தப் பக்கத்துக்காரனும் அந்தப் பக்கத்துக்காரனும் சும்மா இருக்க, இவன் ஒருவன் மட்டும் மாடிமேல் ஏறி நிற்கிறான். பெரணியில்கூட இப்படிப் பார்த்ததில்லை.

முதலில் என்ன செய்தேன் என்றால், வழக்கம்போல அந்த ஆராய்ச்சி மாணவியைப் பிடித்துக்கொண்டேன். குடுவையைச் சரியாகக் கழுவவில்லை, வேறு யாருடைய மாதிரியோ கலந்துவிட்டது, படித்த பெண்ணுக்கு இதுகூடவா தெரியாது என்று பொரிந்து தள்ளினேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள். மறுபடியும் நானே கழுவி, நானே கரைத்து, நானே ஓட்டினேன். அதே உயரம். வாழையிலிருந்து இன்னோர் இலை அறுத்து வந்தேன். அதிலும் அதே.

தனியாக நிற்கும் காடோலினியம் எங்கிருந்து வரும் என்பது எங்கள் துறையில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கும்போது, உள்ளே இருப்பது தெளிவாகத் தெரிவதற்காகச் சிலருக்கு நரம்பில் ஓர் ஊசி போடுவார்கள். அந்த மருந்தில் இருப்பது காடோலினியம். உடம்பு அதை வைத்துக்கொள்ளாது, ஒரு நாளுக்குள் பெரும்பகுதி சிறுநீரில் வெளியே போய்விடும். பெரிய ஊர்களில் ஆற்றுத் தண்ணீரை எடுத்துப் பார்த்தால் காடோலினியம் மட்டும் தூக்கலாக இருப்பது அதனால்தான். ஆகவே எனக்கு நினைவுக்கு வந்தது சாக்கடை. குழாய் எங்கேயோ உடைந்து எங்கள் கிணற்றில் கலக்கிறது என்று முடிவு கட்டினேன். அன்று சாயங்காலமே மாநகராட்சியை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய், கிணற்றுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்தேன். முன்வாசல் கறிவேப்பிலையில் ஒரு கொத்து, பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கிய வாழையிலை ஒன்று, எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனேன். பாடகற்குழுவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அக்கா, இன்னும் என்னத்தைடி அள்ளிக்கினு போகப்போறே என்று கேட்டுவிட்டுப் போனாள்.

கிணற்றில் இல்லை. கறிவேப்பிலையில் இல்லை. பக்கத்து வீட்டு வாழையில் இல்லை. எங்கள் வாழையில் மட்டும் இருந்தது.

முடிவுகளை அந்தப் பெண்ணும் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வாங்கிய திட்டுக்கெல்லாம் சேர்த்துச் சொல்கிறாளோ என்று அந்த நிமிஷம் எனக்குப் பட்டது. ஆனால் அவள் குரலில் அப்படி எதுவும் இல்லை.

"மேடம், தப்பா நினைக்காதீங்க. உங்க வீட்ல யாராச்சும் ஸ்கேன் எடுத்தாங்களா?"

இல்லை என்று வெடுக்கென்று சொன்னேன். எங்கள் வீட்டில் ஒருவருக்கு இருமல் வந்தால் மூவருக்கும் தெரியும், எனக்குத் தெரியாமல் யார் போய் ஸ்கேன் எடுப்பார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்ல முடியவில்லை. பிடித்திருந்த சோதனைக் குழாயைத் தாங்கியில் வைக்கக்கூட வரவில்லை, அவள்தான் வாங்கி வைத்தாள். காட்டில் பெரணி என்ன குடித்தது என்று தினமும் இலையைப் பார்த்துச் சொல்பவள் நான். எங்கள் வீட்டு வாழை என்ன குடித்தது என்பது என் கண்ணெதிரே திரையில் இருந்தது, அதை வாசிக்க மனசு இடம் கொடுக்கவில்லை.

பஸ்ஸில் வரும்போது என் கணவர்தான் என்று நினைத்துக்கொண்டேன். முதுகுவலி என்று அவர் கொஞ்ச நாளாக முனகிக்கொண்டிருந்தார். ராயப்பேட்டையில் வண்டி உதிரிபாகக் கடை வைத்திருக்கிறார், நாள் முழுக்க நின்றபடி வேலை. எனக்குத் தெரிந்தால் கத்துவேன் என்று பயந்து தனியாகப் போய் எடுத்திருப்பார், என்ன வந்திருக்கிறதோ, எதை மறைக்கிறாரோ என்றே நினைத்துக்கொண்டு வந்தேன். மந்தைவெளியில் இறங்க வேண்டியவள் இறங்காமல் உட்கார்ந்திருந்துவிட்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்து திரும்பினேன்.

அவர் கடையிலிருந்து வந்து கால் கழுவிவிட்டு டீயோடு உட்கார்ந்தார். அக்கா கோவிலுக்குப் போயிருந்தாள். எப்ப ஸ்கேன் எடுத்தீங்க, எங்கிட்ட ஏன் சொல்லல என்று நேராகக் கேட்டேன். மனிதர் திருதிருவென்று முழித்தார். டம்ளரைக் கீழே வைத்தார், மறுபடி எடுத்தார்.

"எனக்கா? எனக்கு இன்னா? நா நல்லாத்தான் கீறேன்."

அவர் சொன்ன வார்த்தையைவிட, அந்த 'எனக்கா'வை அவர் அழுத்திய விதம்தான் என்னைப் பிடித்து நிறுத்தியது. அப்போ யாருக்கு என்று கேட்டேன். மென்று முழுங்கினார். வாயில் கொழுக்கட்டையா என்று அதட்டினேன். சுவரில் இருந்த மாதா படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அக்கா மாதா மேல சத்தியம் வாங்கிக்கினாங்க. நா இன்னா பண்றது, சொல்லு?"

அக்கா அவரைத் தன்னோடு வண்டியில் அழைத்துக்கொண்டு அடையாறு பக்கம் ஒரு ஸ்கேன் மையத்துக்குப் போயிருக்கிறாள். நான் வேலை செய்யும் இடத்திலிருந்து கூப்பிடு தூரம். நான் உள்ளே உட்கார்ந்து மலைக்காட்டு இலையைக் கரைத்துக்கொண்டிருந்தேன், இவர்கள் இரண்டு பேரும் வெளியே அதே சாலையில் போயிருக்கிறார்கள். ஒரே வீட்டில் ஒரே குழம்பைச் சாப்பிட்டுக்கொண்டு, அத்தனை நாளும் என்னிடம் மூச்சு விடவில்லை. சினம், பயம், அவமானம் எல்லாம் ஒன்றாகக் கிளம்பியதில் எதற்கு முதலில் அழுவது என்று தெரியவில்லை. என் கணவர் டீயைக் குடிக்கவும் இல்லை, எழுந்து போகவும் இல்லை.

அவர் சொல்லச் சொல்ல எனக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. டிவி சத்தத்தை அக்கா கூட்டிக்கொண்டே போனது. கைப்பேசியை எப்போதும் இடது காதில் வைப்பவள் வலது காதுக்கு மாற்றியது. திரும்பும்போது சுவரைப் பிடித்துக்கொண்டது, நான் செருப்பு சரியில்லை என்று சொல்லி தி.நகருக்குப் போய்ப் புதுச் செருப்பு வாங்கி வந்து கொடுத்தது. எல்லாம் என் கண் முன்னால்தான் நடந்திருக்கிறது. எனக்கு எதுவும் தெரியவில்லை. வாழைக்குத் தெரிந்திருக்கிறது.

அக்கா வந்ததும் பின்பக்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வாழையைக் காட்டி, இதில் காடோலினியம் இருக்கிறது என்றேன். அவள் வாழையைப் பார்த்தாள், வாய்க்காலைப் பார்த்தாள், குளியலறையைப் பார்த்தாள். உயிரியல் டீச்சர், அவளுக்கு விளக்க வேண்டியதில்லை. திடீரென்று சிரித்துவிட்டாள்.

"வேர் உறிஞ்சும், தண்டு கடத்தும், இலை சேர்க்கும். வருஷக்கணக்கா நடத்துன பாடம்டி. எனக்கே தோணல பாரு."

அவள் சிரித்தது எனக்கு எரிச்சலைக் கிளப்பியது. என்ன வந்திருக்கிறது என்று கேட்டேன். துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்து, பிள்ளைகளுக்குப் படம் போட்டுச் சொல்வது போலவே நிதானமாகச் சொன்னாள். இடது காதுக்குப் பின்னால், கேட்கும் நரம்பில் ஒரு கட்டி. புற்று இல்லை. ஆனால் வளர்ந்துகொண்டிருக்கிறது. அப்படியே விட்டால் மூளையை அழுத்தும், நடை போகும், பிறகு உயிருக்கே ஆபத்து. எடுத்துவிடலாம். எடுத்தால் அந்தக் காது முழுசாகப் போய்விடும், திரும்ப வராது. வீட்டு ஆட்களோடு சீக்கிரம் வாருங்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அவள் போகவில்லை.

இன்னொரு காது இருக்கிறதே என்று நான் சொன்னதுதான் தாமதம், அவள் முகம் மாறிப்போயிற்று. ஒரு காதை வைத்துக்கொண்டு பாட்டைக் கேட்கலாம், ஆனால் சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தெரியாது என்றாள். யாரோ சுருதி விலகுவது கேட்கும், யார் என்று தெரியாது. முப்பது பேரை நிறுத்தி வைத்துக்கொண்டு யாரைத் திருத்துவது என்று கேட்டாள்.

"அது இல்லன்னா நான் அங்க நின்னு என்ன பண்ணப்போறேன்? சும்மா கை ஆட்டணுமா?"

உயிரை விடவா பாட்டு முக்கியம் என்று கத்தினேன். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. நான் நிறுத்தவில்லை. நீ செத்தால் உன் பாடகற்குழுவா வந்து எனக்குச் சோறு போடும் என்று என்னென்னமோ சொன்னேன். அவள் எழுந்து, வாளித் தண்ணீரை எடுத்து வாழைக்கு ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவளுக்குப் பிடிவாதம் வந்தால் பாதிரியாரே சொன்னாலும் அசைய மாட்டாள்.

அதற்கப்புறம் வீட்டில் பேச்சு நின்றது. உப்பு எங்கே, சாவி எங்கே என்பதோடு சரி. என் கணவர் நடுவில் மாட்டிக்கொண்டு, இரண்டு பேரிடமும் திட்டு வாங்கினார். ஞாயிற்றுக்கிழமை பூசையில் நான் பாட்டைக் கேட்கவில்லை, அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். வழக்கமாக நிற்கும் இடத்தை விட்டு அவள் ஒரு பக்கமாகத் தள்ளி நிற்பதை அப்போதுதான் கவனித்தேன். எல்லாக் குரலும் தன் வலப்பக்கம் இருக்கும்படி பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனை மாதமாக இப்படி நிற்கிறாளோ. எனக்கு அங்கேயே கண்ணீர் வந்துவிட்டது. பக்கத்திலிருந்த அம்மாள் நான் பக்தியில் உருகுவதாக நினைத்துக் கையைத் தட்டிக்கொடுத்தார்.

ஆய்வுக்கூடத்தில் வாழையிலைத் தூள் பாட்டிலின் மேல் 'உபயோகிக்க வேண்டாம்' என்று எழுதி ஒட்டினேன். அந்தப் பெண் தன் விடுதிக்குப் பக்கத்திலிருந்து புங்க இலை கொண்டு வந்தாள், அதையே சாதாரண இலையாக வைத்துக்கொண்டோம். என் வீட்டில் யாருக்கு என்று அவள் கேட்கவில்லை. நானும் ஒரு வாரம் அவளைத் திட்டவில்லை, அதுவே அவளுக்குப் பதிலாக இருந்திருக்கும்.

சில வாரம் கழித்து ஒரு காலையில் நான் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது அக்கா பின்பக்கத்திலிருந்து வந்தாள். கையில் தினத்தாளில் சுருட்டிய ஓர் இலை. புதிதாக விரிந்த வாழையிலை, நுனிகூடக் கிழியவில்லை. என்னிடம் நீட்டினாள்.

"இதையும் உன் மிஷின்ல போட்டுப் பாரு."

எதற்கு என்று கேட்டேன். அடுப்பில் பால் பொங்குகிறது என்று உள்ளே போய்விட்டாள். பால் அப்போது அடுப்பிலேயே இல்லை. நான்தான் இறக்கி வைத்திருந்தேன்.

அந்த இலையை நான் யாரிடமும் கொடுக்கவில்லை. நானே கழுவினேன், ஆய்வுக்கூடத்து உலர்த்தும் அடுப்பில் காயவைத்தேன், அரைத்தேன், கரைத்தேன். எல்லாம் முடிந்து கருவியில் விட மறுநாள் ஆகிவிட்டது. கோடு லாந்தனத்தில் தொடங்கிச் சாதுவாக வந்தது. காடோலினியத்தில் ஏறியது. பழைய இலையில் இருந்ததைவிட உயரமாக ஏறியது. பழைய ஊசியின் மிச்சம் இத்தனை நாளுக்குப் பிறகு குறைந்திருக்க வேண்டும், கூடியிருக்கக் கூடாது. இது புதிய ஊசி. ஆபரேஷனுக்கு முன்னால் கட்டி எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று இன்னொரு தடவை ஸ்கேன் எடுப்பார்கள் என்று நான் படித்து வைத்திருந்தேன். நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

கடைக்குப் போன் போட்டு, மறுபடியும் கூட்டிக்கொண்டு போனீர்களா என்று என் கணவரைக் கேட்டேன். இந்தத் தடவை அவருக்கே தெரியாது. அக்கா தனியாவா போனாங்க என்று திரும்பத் திரும்பக் கேட்டார். நடக்கும்போது சுவரைப் பிடிக்கும் அவள், ஆட்டோ பிடித்து, தனியாகப் போய், அந்தக் குழாய்க்குள் படுத்து, தனியாகத் திரும்பி வந்திருக்கிறாள். வாயால் சொல்ல அவளுக்கு முடியவில்லை. அதனால் வாழையை விட்டுச் சொல்லியிருக்கிறாள், நான் மட்டும் வாசிக்கும்படியாக. அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு ஓடினேன்.

வீட்டுக்குள் நுழைந்தபோது அவள் கீபோர்டு முன்னால் உட்கார்ந்திருந்தாள். வாசிக்கவில்லை. இடது காதில் பஞ்சை அடைத்து, அதன்மேல் பிளாஸ்திரி ஒட்டியிருந்தாள். பார்த்துவிட்டாயா என்று கேட்டாள். பார்த்தேன் என்றேன். டாக்டர் தேதி கொடுத்துவிட்டார், அதற்குள் பழகிக்கொள்ள வேண்டும், நீ வந்ததும் நல்லதுதான் என்று, காய் நறுக்க ஆள் கிடைத்தது போலச் சாதாரணமாகச் சொன்னாள்.

என்ன செய்ய வேண்டும் என்றேன். அறைக்குள் எங்கேயாவது போய் நின்று பாடச் சொன்னாள். அவள் கண்ணை மூடிக்கொள்வாளாம், நான் எங்கே நிற்கிறேன் என்று கை காட்டுவாளாம். எனக்குத்தான் பாட்டு வராதே என்றேன். சுருதி யார் கேட்டாங்க, சத்தம் வந்தா போதும் என்றாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

செருப்பில்லாத காலால் சத்தம் வராமல் நடந்து, அவளுடைய இடப்பக்கம் ஜன்னலோரம் போய் நின்றேன். சின்ன வயதில் என்னைக் கழற்றிவிட்ட அன்றைக்குப் பாடிய அதே மாதா பாட்டைப் பாடினேன். குரல் நடுங்கியது, எங்கெங்கோ போனது. அக்கா தலையை லேசாக அசைத்துக் கேட்டாள். நெற்றியைச் சுருக்கினாள். பின்வரிசையில் தப்பாகப் பாடும் பெண்ணைத் தேடும்போது வரும் அதே சுருக்கம். பிறகு சந்தேகமே இல்லாதவள் போலக் கையை நீட்டி, தன் வலப்பக்கத்துச் சுவரோரத்தைக் காட்டினாள்.

"அங்க."

அவள் கண்ணைத் திறப்பதற்குள், பாட்டை நிறுத்தாமல், அவள் கை காட்டிய இடத்துக்கு ஓடிப்போய் நின்றுகொண்டேன்.